தாணு துடைத்த முகம்

பாளையங்கோட்டை
8.7.98, புதன் சாயங்காலம்

ஏலே தாணு,

'அன்புள்ள'ன்னு எழுதக் கை வரலை. அதனால விட்டுட்டேன்.

காலைல ஒன்பதரைக்குக் கூரியர் ஆபீஸ்ல காத்துக் கிடந்து நீ அனுப்பின போட்டோ கவரை வாங்கினேன். பிரிச்சுப் பாக்கத் தைரியம் இல்லை. அடி வாங்கின அந்த மூஞ்சியை ஜனவரியில கண்ணாடியில பாத்ததே போதும்னு இருந்துச்சு. நேரே ஆட்டோ பிடிச்சுக் கோர்ட்டுக்குப் போனா, வராந்தாவுல நம்ம வக்கீல் அம்பலவாணன் அண்ணாச்சி தவிச்சுக்கிட்டு நிக்காரு. கேஸைக் கூப்பிட்டாச்சு. கவரை அவர் கையில திணிச்சேன். அவருக்கும் பாக்க நேரம் இல்லை. ஜட்ஜ் முன்னாலதான் கிழிச்சாரு.

"இந்தப் பெண் புருஷன் வீட்டுக்கு ஏன் போகமாட்டேங்கிறாள் என்பதற்கு இந்தப் படங்களே சாட்சி"ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே நீட்டினாரு.

ஜட்ஜ் மூணு படத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தாரு. "படத்துல ஒண்ணுமே இல்லையே வக்கீல் சார்"னாரு. எதிர் வக்கீல் எட்டிப் பாத்துட்டு, "பவுடர் விளம்பரத்துக்கு எடுத்ததோ?"ன்னு கேட்டான். கோர்ட்டே சிரிச்சுது. உன் அத்தான் கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பாத்தாரு பாரு ஒரு பார்வை, அதுல செத்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் நான் படத்தை வாங்கிப் பாத்தேன். நான்தான். அதே மஞ்சள் சேலை, பின்னால நம்ம புழக்கடைச் சுவரு. ஆனா வீங்கி மூடியிருந்த இடது கண்ணு ஜம்முனு திறந்திருக்கு. கன்னம் வழவழன்னு இருக்கு. உதட்டுல தையல் இல்லை. கல்யாணத்தன்னைக்குக்கூட நான் அவ்வளவு அழகா இருந்ததில்லைலே!

அவன் போட்டிருக்க கேஸ் என்னன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? 'என் பெண்டாட்டி காரணமே இல்லாம தாய் வீட்டுல உக்காந்திருக்கா, சேர்ந்து வாழ அனுப்பி வைங்க'ன்னு. காரணம் இருக்குன்னு காட்ட என்கிட்ட இருந்தது அந்த மூணு படம்தான். ஆஸ்பத்திரிச் சீட்டுல 'கதவில் இடித்துக்கொண்டது'ன்னு போட்டிருக்கு. அம்மா சொல்லிக் கொடுத்து நானே என் வாயால சொன்னது. அன்னைக்கு என் புத்தி எங்கன போச்சோ.

எங்க ஸ்கூல் மைதீன் பாத்திமா டீச்சர் அழுதுகிட்டே எடுத்த படம் அது. ரோலை இங்கன எந்த ஸ்டூடியோவுலயும் குடுக்கலை. குடுத்தா பொழுது சாயுறதுக்குள்ள தச்சநல்லூர் பஜார் வரைக்கும் தெரிஞ்சிரும். சொந்தத் தம்பி மெட்ராஸ்ல கலர் லேப்ல இருக்கானே, அவன் கையில இருந்தா நம்ம மானம் நம்மகிட்ட இருக்கும்னு நம்பி அனுப்பினேன்.

அடுத்த வாய்தா செப்டம்பர் ரெண்டு. அன்னைக்கும் ஒண்ணும் காட்டலைன்னா என்னை அந்த வீட்டுக்கே போகச் சொல்லி உத்தரவு வந்திரும்னு அண்ணாச்சி சொல்லுதாரு. அவன் கைக்கே திரும்ப. புரியுதா உனக்கு?

என்னத்துக்குலே இப்படிச் செஞ்சே? உடனே பதில் போடு.

அனுராதா


சென்னை
14.7.98

அன்புள்ள அக்காவுக்கு,

தாணு எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் அம்மாவும் நலமறிய ஆவல்.

உன் கடிதம் பார்த்து மிகவும் வருத்தப்பட்டேன். நடந்தது பெரிய தவறுதான். ஆனால் வேண்டுமென்று செய்ததில்லை. கைப்பழக்கம். எங்கள் லேபில் எந்த முகமும் வந்தபடியே வெளியே போகாது. 'முகம் சுத்தம்' என்று அதற்கு ஒரு தனி சீட்டே உண்டு. கல்யாணப் பெண், மாப்பிள்ளை, வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர், யாராக இருந்தாலும் முதலில் சுத்தம், அப்புறம்தான் பிரிண்ட். நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். அதில் ரப்பர் ஸ்டாம்ப் என்று ஒரு கருவி இருக்கிறது. முகத்தில் நல்ல இடத்தைத் தொட்டுக்கொண்டு கெட்ட இடத்தில் அமுக்கினால், நல்ல தோல் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். பரு, தழும்பு, கருவளையம் எல்லாம் போய்விடும். ஒரு நாளைக்கு நாற்பது முகம் செய்கிறேன். கை அது பாட்டுக்குப் போகும்.

அன்றைக்கு வேலை நெருக்கடி. உன் படமும் அந்த வரிசையில் போய்விட்டது. நான் கவனித்திருக்க வேண்டும்.

வக்கீலிடம் சொல்லி வேறு ஏதாவது வழி பார்க்கச் சொல். அத்தானோடு பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்த்தால் என்ன என்றும் தோன்றுகிறது. கோபத்தில் முடிவு எடுக்க வேண்டாம்.

உன் தம்பி
தாணுமாலையன்


பாளையங்கோட்டை
18.7.98

தாணு,

நலமறிய ஆவலாம்! சவத்த மூதி, எம்புட்டு நீட்டமா எழுதியிருக்கே.

முதல்ல ஒண்ணு. இனிமே அவனை 'அத்தான்'னு எழுதாதே. நானும் போன கடுதாசில பழக்கத்துல எழுதிட்டேன், எழுதின கையை ஒடிக்கணும். ரெண்டாவது, பெரியவங்களை வச்சுப் பேசுன்னு எனக்குப் புத்தி சொல்லாதே. மூணு தடவை பேசினாங்க. மூணு தடவையும் காப்பி குடிச்சாங்க, வெத்தலை போட்டாங்க, "அனுசரிச்சுப் போம்மா"ன்னுட்டு எந்திரிச்சுப் போனாங்க. நான் அனுசரிச்ச லெட்சணத்தைத்தான் நீ படத்துல பாத்திருக்கே.

கைப்பழக்கமா? ஏலே, முகப்பருவும் தையல் போட்ட உதடும் உனக்கு ஒண்ணா? நாப்பது முகத்துல ஒண்ணு உன் அக்கா முகம்னு தெரியாம கை போயிருச்சோ? சின்னப்பிள்ளையில நீ பேன் பாக்க மடியில படுப்பியே, அப்ப மேல பாத்த முகம்லே இது!

அந்த முகம் ஆற எனக்கு இருபத்தஞ்சு நாளாச்சு. பத்து நாள் கஞ்சியை உறிஞ்சித்தான் குடிச்சேன். நீ ஒரு பொழுதுல ஆத்திட்டே. பெரிய வைத்தியன்!

இங்கன என்ன நடக்குதுன்னு தெரியுமா? கோர்ட்டுல நடந்தது ஊர் பூராப் பரவிட்டு. ஸ்டாப் ரூம்ல நான் நுழைஞ்சா பேச்சு நிக்குது. பால்காரம்மா முகத்துக்கு நேரே கேக்கா, "ஒண்ணுமே ஆகலையாமே டீச்சர், பின்ன எதுக்கு இந்த வீம்பு?"ன்னு. அடிச்சவன் பஜார்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்கான், நான் முக்காடு போட்டு நடக்கேன். பாத்திமா வந்து சாட்சி சொல்லுதேங்கா. "ஒரே ஸ்கூல், ஒரே ஸ்டாப் ரூம், கூட்டாளிக்காகச் சொல்லுதா"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிருவான் அந்த எதிர் வக்கீல்னு அண்ணாச்சி சொல்லுதாரு.

நெகட்டிவ் வேணும். கம்ப்யூட்டர்ல நீ என்ன எழவைச் செஞ்சாலும் நெகட்டிவ்ல இருக்கது அப்படியேதானே இருக்கும்? அந்த ரோலை அப்படியே பதிவுத் தபால்ல அனுப்பு. பிரிண்ட் எல்லாம் நீ போட வேண்டாம். உன் கை அதுல படவே வேண்டாம்.

அனுராதா


சென்னை
28.7.98

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நெகட்டிவைத் தேடிப் பார்த்தேன். இங்கே மூன்று மாதத்துக்கு மேல் ஆன நெகட்டிவ்களை மொத்தமாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதில் உன்னுடையதும் போய்விட்டது போலிருக்கிறது. கம்ப்யூட்டரிலும் பழைய படம் இல்லை, சுத்தம் செய்ததன் மேலேயே சேமித்துவிட்டேன்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான் அக்கா. அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

தாணு


பாளையங்கோட்டை
5.8.98

பொய் சொல்லுத நாய்க்கு,

உன் கடுதாசி வந்த அன்னைக்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துல இருந்து உன் லேபுக்குப் போன் போட்டேன். நீ இல்லை. உன் கூட வேலை பாக்குத முத்துமாலைன்னு ஒரு தம்பி எடுத்தான். நம்ம பக்கத்துப் பையன் போல, குரலைக் கேட்டதும் "அக்கா, தாணுவோட அக்காவா!"ன்னு அவ்வளவு சந்தோஷம். நெகட்டிவ் பத்திக் கேட்டேன். "அது பத்திரமா இருக்குக்கா. தாணு தன் டிராயர்ல வச்சுப் பூட்டியிருக்கான், யாரையும் தொட விடமாட்டான்"னான்.

அதோட விட்டானா, வெள்ளந்திப் பய. "உங்க அம்மா போன் போட்டுச் சொன்ன மாதிரியே படம் வந்துச்சாக்கா? ரெண்டு நாளா உக்காந்து அந்த மூணையும் மட்டும்தான் செஞ்சான். சாப்பிடக்கூட எந்திரிக்கலை"ன்னான்.

ரெண்டு நாள்! கைப்பழக்கமாம்! வரிசையில போயிருச்சாம்!

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். முதல்ல இல்லவே இல்லைன்னா. அப்புறம், "ஆமா, நான்தான் சொன்னேன். பெத்தவ வேற என்ன செய்வா? அந்தக் கோலத்துல உன் படத்தைக் கோர்ட்டுல நாலு ஆம்பிளை கையில குடுக்கச் சொல்லுதியா? கேஸ் தோத்தா நீ பைய அங்கனயே போய்ச் சேந்துக்கிடுவேன்னு நினைச்சேன்"னா. அடுப்புல குழம்பு கொதிக்குது, கரண்டியால கிண்டிக்கிட்டே சொல்லுதா. மூணு நாளா அவ கையால தண்ணி வாங்கிக்கூடக் குடிக்கலை.

அவ படிக்காதவ. பயந்தாங்கொள்ளி. வாழ்க்கை பூரா நம்ம அப்பாவுக்குப் பயந்தே கழிச்சவ. நீ? டிப்ளமா படிச்சு, பேன்ட் போட்டுக்கிட்டு, மெட்ராஸ்ல திரியுத நீ? ஆத்தாளும் மகனும் கூடி என்னை அந்த வீட்டுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தப் பாத்தீங்களே, அவன் அடிச்சதுக்கும் இதுக்கும் என்னலே வித்தியாசம்? அவன் கோபத்துல அடிச்சான். நீ ரெண்டு நாள் நிதானமா உக்காந்து செஞ்சிருக்கே.

நெகட்டிவை அனுப்பு. இல்லைன்னா எனக்குத் தம்பி இல்லை.


சென்னை
14.8.98

அக்கா,

இதை மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நல்ல தமிழ்ல எழுதினா பொய்தான் வருது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

அம்மா போன் பண்ணினது நிஜம். அழுதா. "அக்கா வாழாவெட்டின்னு கோர்ட்டுல எழுதிட்டா உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்"னு கேட்டா. அம்மா மேல பழியைப் போட்டுத் தப்பிக்க இதைச் சொல்லலை. சரின்னு சொன்னது என் வாய்தான்.

போன தீபாவளிக்கு நான் உன் வீட்டுக்கு வந்திருந்தேன், ஞாபகம் இருக்கா. உன் முழங்கைக்குக் கீழ கன்னிப்போய் இருந்துச்சு. கேட்டேன். அதிரசம் சுடும்போது எண்ணெய் தெறிச்சதுன்னே. எண்ணெய் பட்டா அப்படிக் கன்னாது, எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாப்பது பேர் தோலைப் பெருசாக்கிப் பாக்குறவன் நான். எனக்குத் தெரியாதா? ஆனா 'சரிக்கா'ன்னு சொல்லிட்டு உன் வீட்டுக்காரர் கூட உக்காந்து சாப்பிட்டேன். அவர் எனக்கு இன்னொரு வடை எடுத்து வச்சார். நான் அதையும் சாப்பிட்டேன்.

ஜனவரியில உன் ரோல் வந்ததும் கழுவிப் பாத்துட்டுப் பூட்டி வச்சுட்டேன். ஜூலையில ஸ்கேன் பண்ணினேன். கம்ப்யூட்டர்ல உன் முகத்தை நாலு மடங்கு பெருசாக்கினேன். திரை பூரா உன் கன்னம்தான். பதினோரு இடத்துல அடி இருந்துச்சு. ஒண்ணொண்ணா அழிச்சேன். உன் நெத்தித் தோலை எடுத்துக் கன்னத்துல வச்சேன். மூடின கண்ணுக்கு என்ன செய்யன்னு தெரியலை, வலது கண்ணைத் திருப்பி இடது பக்கம் வச்சேன். ஒரு இடம் சரியானதும் மனசு லேசாச்சு. அதுதான் அக்கா என் நிஜம். உனக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆகிக்கிட்டே வந்துச்சு. நடக்கலைன்னா நானும் ஒண்ணும் கேக்காம வந்தது தப்பில்லையே.

கடைசியா இடது கன்னத்து எலும்பு மேல ஒரு தடம். முதல்ல வெறும் காயம்னு நினைச்சேன். பெருசாக்கினா, சின்னச் சின்னதா ஆறு புள்ளி, வட்டமா, நடுவுல ஒரு புள்ளி. பூ மாதிரி. எங்கயோ பாத்திருக்கமேன்னு யோசிச்சேன். அப்புறம் தெரிஞ்சு போச்சு.

உன் கல்யாணத்துல மச்சினன் முறைக்கு மாப்பிள்ளை விரல்ல நான் போட்டுவிட்ட மோதிரம். ஆறு கல்லு, நடுவுல ஒண்ணு. டவுன்ல அம்மாகூடப் போய் நான்தான் எடுத்தேன். அந்த மோதிரம் உன் கன்னத்துல பதிஞ்சிருந்துச்சு.

அதையும் அழிச்சேன். அதை அழிக்கத்தான் ஒரு நாள் பூரா ஆச்சு.

நெகட்டிவ் பத்திரமா இருக்கு. தபால்ல அனுப்பப் பயமா இருக்கு, தொலைஞ்சு போனா அவ்வளவுதான். சொல்லு, என்ன செய்யணும்னு.

தாணு


பாளையங்கோட்டை
19.8.98

தாணு,

கடுதாசியை அண்ணாச்சிகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் என்கிட்ட கேட்டாரு, "மோதிரத் தடம் இருந்தது உனக்குத் தெரியுமாம்மா?"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்? வீங்கிக் கிடந்த மூஞ்சியில நான் பூவையா தேடுவேன்?

இப்ப கேளு. வெறும் நெகட்டிவ் போதாதாம். எதிர் வக்கீல் இந்நேரம் ஒண்ணு யோசிச்சு வச்சிருப்பான். 'தம்பி கம்ப்யூட்டர்ல வேலை பாக்கவன். அழிக்கத் தெரிஞ்ச கைக்கு வரையத் தெரியாதா? முதல்ல வந்தது நிஜப் படம், இப்ப வாரதுதான் போலி'ன்னு. நீ செஞ்ச காரியத்தால என் நிஜமே பொய்யாப் போய் நிக்குது பாரு.

அதனால நீ வரணும். ரெண்டாம் தேதி கூண்டுல ஏறி, 'நான்தான் அழிச்சேன், இன்ன இன்ன இடத்துல அழிச்சேன், எங்க அம்மா சொல்லி அழிச்சேன்'னு உன் வாயால சொல்லணும். கம்ப்யூட்டர் பக்கமே போகாம, இருட்டறையில நெகட்டிவ்ல இருந்து நேரே பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா.

அம்மா மானம் போகும், உன் மானமும் போகும். உனக்குப் பொண்ணு பாக்கவங்க காதுக்கும் எட்டும். எட்டட்டும். என் மானம் ஜூலை எட்டாம் தேதியே போயாச்சு.

வருவியா மாட்டியா, அதை மட்டும் எழுது. வேற கதை வேண்டாம்.

அனு


சென்னை
26.8.98

அக்கா,

வர்றேன். காலைல ரயில்ல இறங்கி நேரே கோர்ட்டுக்கு வந்துடுறேன். அம்மா முகத்துல முழிச்சா அப்படியே திரும்பி ஓடிருவேனோன்னு பயமா இருக்கு.

தாணு


பாளையங்கோட்டை
20.11.98, வெள்ளி

தாணு,

நேத்து தீர்ப்பு வந்துட்டு. அவன் மனு தள்ளுபடி. நான் அங்கன போக வேண்டாம். இதை முதல் வரியில எழுதணும்னு நினைச்சேன், எழுதிட்டேன்.

செப்டம்பர்லயே உனக்கு எழுத உக்காந்தேன். கோபம் வந்து கிழிச்சுட்டேன். அன்னைக்குக் கூண்டுல நின்ன நீ மேசையைத் தவிர வேற எதையும் பாக்கலை. அதனால நீ பாக்காததைச் சொல்லுதேன், தெரிஞ்சுக்கோ.

நீ மோதிரத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சதும் அவன் வலது கையை எடுத்து இடது கைக்குள்ள மறைச்சான். ஜட்ஜ் அதைப் பாத்துட்டாரு. "கையை வெளிய வைங்க"ன்னாரு. அவன் தன் வக்கீலைப் பாக்கான், வக்கீல் கூரையைப் பாக்கான். மோதிரம் விரல்லதான் இருந்துச்சு. திமிரு, அதைக் கழட்டக்கூடத் தோணலை. அவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டிருந்த அவன் சித்தப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. உன் பிரிண்டை ஜட்ஜ் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. பாத்து முடிச்சுட்டு ரொம்ப நேரம் தலையைத் தூக்கலை.

அம்மா கடைசி பெஞ்சில உக்காந்திருந்தா. வரமாட்டேன்னு சொன்னவ, பின்னாலயே பஸ் ஏறி வந்திருக்கா. "அம்மா சொல்லித்தான் அழிச்சேன்"னு நீ சொன்னப்போ நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. முந்தானையை இழுத்து வாயில வச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்து அந்தப் பெரிய படத்தைக் கேட்டா. அது கோர்ட்டுல இருக்குன்னேன். "நான் இன்னும் அதைப் பாக்கலைட்டீ"ன்னா. எட்டு மாசமா எதிர்லதான் இருந்தேன், அதையும் பாக்கலைன்னேன். இப்ப ஏதோ பேசிக்கிடுதோம். உப்பு, புளி, பால் வாங்கியாச்சான்னு. அதுக்கு மேல இல்லை.

உன் விஷயத்துக்கு வாரேன். நீ வந்து சொன்னதாலதான் நான் பிழைச்சேன். இல்லைன்னு சொல்லமாட்டேன். ஊர்ல எல்லாரும் "தம்பின்னா இப்படில்லா இருக்கணும்"ங்காங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

நெத்தி ஓரம் ஒண்ணு, கண்ணு கீழ ரெண்டு, உதடு, தாடை, கழுத்துல விரல் பட்ட நாலு இடம், காது மடல், கடைசியா கன்னம். பதினோரு இடத்தையும் படத்துல தொட்டுத் தொட்டுச் சொன்னே. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சே. பத்தடி தூரத்துல, நேர் எதிர்ல, நான் உக்காந்திருந்தேன்லே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பாத்தியா? சொல்லி முடிச்சே, கையெழுத்துப் போட்டே, பையைத் தூக்கிட்டு ரயிலுக்கு ஓடிட்டே. வராந்தாவுல நான் "தாணு"ன்னு கூப்பிட்டேன். கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். உன் முதுகு ஒரு நொடி நின்னுச்சு.

ஜனவரியில இருந்து இன்னைக்கு வரை நீ பாத்தது பூரா படம்தான். நாலு மடங்கு பெருசாக்கிப் பாத்தே, அழிச்சுப் பாத்தே, அழிக்காமப் பாத்தே. உதட்டுத் தழும்பு இன்னும் இருக்கு தாணு. பேசும்போது ஒரு பக்கமா இழுக்குது. 'ப' வரும் இடத்துல பிள்ளைங்க கிளாஸ்ல குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குதுங்க. அதை நீ பாத்ததே இல்லை.

கார்த்திகைக்கு வா. அக்காவுக்குச் சீர் கொண்டாரேன்னு பொரியும் துணியும் தூக்கிக்கிட்டு வராதே, வாசல்லயே தூக்கி எறிஞ்சிருவேன். வெறுங்கையோட வா. வந்து எனக்கு எதிர்ல உக்காரு. தலையைக் குனியாம என் மூஞ்சியைப் பாரு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் எந்திரிக்கமாட்டேன்.

பாத்து முடி. அதுக்கப்புறம் நான் உன் கூடப் பேசணுமா வேண்டாமான்னு சொல்லுதேன்.

அனுராதா